இளமையில் உயிராய்க் கேட்ட ஃபோக்-ராக் பாட்டு இன்று ஏன் வேறு மாதிரிக் கேட்கிறது?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் வைத்துக்கொள்கிறேன். 1960-களின் நடுவில் வந்த ஒரு ஃபோக்-ராக் பாட்டு, அதாவது நாட்டுப்புறப் பாணியும் ராக் இசையும் கலந்தது. இளமையில் சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவிலும் நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சின்னத் தட்டிலும் கேட்டுக் கேட்டு மனப்பாடமானது. இப்போது ஸ்ட்ரீமிங்கில் அதே பெயரில், அதே பாடகர் பெயரில் எடுத்துக் கேட்டால் சுருதி இறங்கியது போல இருக்கிறது, குரல் ஒரு காதில் மட்டும் வருகிறது, நன்றாக நினைவில் இருக்கும் ஒரு வரி அங்கே இல்லை. தட்டும், அதிலிருந்து பிற்பாடு எடுத்த ஒரு கேசட்டும் இன்னும் கையில் இருக்கின்றன. “காது போய்விட்டதா, இல்லை இத்தனை வருடமும் தப்பாகவே நினைவு வைத்திருந்தேனா?” என்று கேட்கிறீர்கள். பாட்டைப் பற்றிக் கேட்டது போலத் தெரிந்தாலும், உண்மையில் கேட்டிருப்பது உங்கள் நினைவை நம்பலாமா என்பதுதான். பழைய தட்டுகளையும் நாடாக்களையும் டிஜிட்டலுக்கு மாற்றும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: சந்தேகப்பட வேண்டிய வரிசையில் உங்கள் காதும் நினைவும் கடைசியில் வர வேண்டியவை. முதலில் சந்தேகிக்க வேண்டியது, இன்று நீங்கள் கேட்கும் பதிவு அன்று கேட்ட பதிவுதானா என்பதை.

ஒரே பெயர், ஒரே பாடகர் என்பதால் ஒரே பதிவு என்று ஆகிவிடாது. ஃபோக்-ராக்கில் இது மிக அதிகம். ‘தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1964 மார்ச்சில் சைமனும் கார்ஃபங்கலும் இரண்டு குரல்களையும் அகூஸ்டிக் கிட்டாரையும் வைத்துப் பதிவு செய்தார்கள். அது அந்த ஆண்டு அக்டோபரில் வந்த ஆல்பத்தில் இருந்தது, யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1965 ஜூனில் தயாரிப்பாளர் டாம் வில்சன், அவர்கள் இருவருக்கும் தெரியாமலே, அதே பதிவின் மேல் எலெக்ட்ரிக் கிட்டார், பேஸ், டிரம்ஸ் சேர்த்தார். செப்டம்பரில் சிங்கிளாக (பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சின்னத் தட்டாக) வந்து 1966 ஜனவரியில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது அந்த வடிவம்தான். இன்று இரண்டும் ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கின்றன. டிரம்ஸ் இல்லாத வடிவத்தைத் தற்செயலாகத் தட்டிவிட்டு, “அன்று கேட்ட அந்த வேகமும் அழுத்தமும் எங்கே போயின?” என்று திகைப்பவர்களைக் குறை சொல்லவே முடியாது.

டோனவனின் ‘கேட்ச் தி விண்ட்’ இன்னும் சிக்கலானது. 1965-இல் வந்த சிங்கிளில் வயலின் கூட்டமும் குரலில் எதிரொலியும் உண்டு. அதே ஆண்டு ஆல்பத்துக்காக அவரே மறுபடி பாடியதில் அவை இரண்டும் இல்லை, ஹார்மோனிகா உண்டு. பிறகு 1969-இல் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தொகுப்பு வந்தபோது பழைய பதிவுக்குப் பதிலாக, முழு வாத்தியக் குழுவோடு மூன்றாம் முறை பாடிய வடிவம் அதில் இடம்பெற்றது. ஆக, ஒரு பாட்டு, ஒரு குரல், மூன்று பதிவுகள். ‘சிறந்த பாடல்கள்’ என்று அட்டையில் போட்டிருந்தால் உள்ளே இருப்பது வெற்றி பெற்ற பதிவுதான் என்று நம்புவது இயல்பு. அந்த நம்பிக்கைதான் பலரை ஏமாற்றுகிறது. வேறு நிறுவனத்துக்கு மாறிய பாடகர்கள் பிற்காலத்தில் தங்கள் பழைய வெற்றிகளை மீண்டும் பாடிக் கொடுத்திருப்பது சர்வ சாதாரணம். மலிவு விலைத் தொகுப்புகளில் அவை நிறைந்திருக்கும். ‘மறுபதிவு’ என்ற குறிப்பு பொடி எழுத்தில் இருந்தால் உண்டு, பல சமயம் அதுவும் இருக்காது.

மேடைப் பதிவும் தனி. பேர்ட்ஸ் குழுவின் ‘மிஸ்டர் டாம்பரின் மேன்’ 1965 ஜனவரியில் பதிவானபோது குழுவில் வாத்தியம் வாசித்தவர் ரோஜர் மெக்வின் ஒருவர்தான். அவருடைய ரிக்கன்பேக்கர் 12 தந்திக் கிட்டார் மட்டுமே குழுவுடையது. டிரம்ஸ், பேஸ் எல்லாம் ஸ்டூடியோ கலைஞர்கள் வாசித்தவை. அதே பாட்டைக் குழு மேடையில் வாசித்தால் தாளத்தின் பிடி வேறாகத்தான் இருக்கும், ஏனென்றால் வாசிக்கும் கைகளே வேறு.

உங்கள் அடையாளங்களில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, குரல் ஒரு பக்கம் மட்டும் வருகிறது என்பது. இது கிட்டத்தட்ட தீர்ப்பே சொல்லிவிடுகிறது: நீங்கள் இப்போது கேட்பது ஸ்டீரியோ மிக்ஸ், அதாவது தனித்தனித் தடங்களை இடம், வலம் என்று இரண்டு பக்கமாகப் பிரித்துக் கலந்தது; அன்று கேட்டது மோனோ, எல்லாம் ஒன்றாகக் கலந்தது. அந்தக் காலத்தில் ஏஎம் ரேடியோ மோனோ, சிங்கிள் தட்டுகளும் பெரும்பாலும் மோனோ. வெற்றி தோல்வி சிங்கிளில் இருந்ததால், தயாரிப்பாளர்கள் நேரத்தையும் கவனத்தையும் மோனோ மிக்ஸில்தான் செலவழித்தார்கள். ஸ்டீரியோ பல சமயம் பிறகு அவசரமாகச் செய்யப்பட்டது. மூன்று அல்லது நான்கு தடங்களில் பதிவானதை இரண்டு பக்கமாகப் பிரிக்கும்போது, ஒரு பக்கம் வாத்தியம், மறு பக்கம் குரல் என்று முடிவது சுலபமான வழி. பீட்டில்ஸின் ‘ரப்பர் சோல்’, 1965 டிசம்பரில் வந்த ஆல்பம், ஃபோக்-ராக் சாயல் மிகுந்தது. அதன் முதல் ஸ்டீரியோ மிக்ஸில் பெரும்பாலும் இப்படித்தான் குரல் ஒரு ஓரத்தில் நிற்கும். 1987-இல் சிடி வந்தபோது ஜார்ஜ் மார்ட்டின் அந்த ஆல்பத்தைப் புதிதாக மிக்ஸ் செய்தார். எனவே ஒரே ஆல்பத்துக்கு மோனோ, பழைய ஸ்டீரியோ, 1987 ஸ்டீரியோ என்று குறைந்தது மூன்று முகங்கள்.

மிக்ஸ் மாறினால் சமநிலை மட்டும் மாறுவதில்லை, உள்ளடக்கமே மாறலாம். அதே ஆல்பத்தின் அமெரிக்க ஸ்டீரியோ எல்பியில் (33⅓ சுழற்சி ஆல்பத் தட்டில்) ‘ஐ ஆம் லுக்கிங் த்ரூ யூ’ தொடங்கும் இடத்தில் கிட்டார் இரண்டு முறை தொடங்கித் தடுமாறி நின்று, மூன்றாம் முறைதான் பாட்டாகப் போகும். பிரிட்டிஷ் வடிவில் அது இல்லை. அமெரிக்கத் தட்டோடு வளர்ந்த ஒருவர், “ஆரம்பத்தில் கிட்டார் தடுமாறுமே!” என்று சொன்னால் சுற்றியிருப்பவர்கள் அவருக்கு ஞாபகப் பிசகு என்பார்கள். அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. எதிர்த்திசையிலும் இது நடக்கும்: மோனோவில் மறைந்திருந்தது ஸ்டீரியோவில் வெளிப்படும். ‘கலிஃபோர்னியா ட்ரீமின்’ பாட்டின் வாத்தியத் தடம் முதலில் பேரி மெக்வயரின் பதிவுக்காகச் செய்யப்பட்டது. மாமாஸ் அண்ட் பாப்பாஸ் குழுவினர் அதன் மேல் தங்கள் குரல்களை வைத்தபோது அவருடைய குரல் முழுதாக அழியவில்லை, ஸ்டீரியோவின் இடப் பக்கத்தில் தொடக்கத்தில் ஒரு சுவடு கேட்கும். ஹெட்ஃபோனில் முதல் முறை அதைக் கேட்பவர்கள், தங்கள் பழைய பாட்டில் யாரோ புகுந்துவிட்டதாகவே நினைப்பார்கள்.

காணாமல் போன வரிக்கு வருகிறேன். ரேடியோவுக்காக வெட்டுவதும் ஒட்டுவதும் அன்று அன்றாட வேலை. வான் மாரிசனின் ‘பிரவுன் ஐட் கேர்ள்’ 1967-இல் வந்தபோது, ஒரு வரி ரேடியோவுக்கு ஆகாது என்று முந்தைய சரணத்தின் வரி ஒன்றை வெட்டி அந்த இடத்தில் ஒட்டிய வடிவமும் ஒலிபரப்பில் சுற்றியது. அதைக் கேட்டு வளர்ந்தவருக்கு முழு வடிவம் அந்நியமாகத்தான் இருக்கும். டிலனின் ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ ஆறு நிமிடம் என்பதால், ரேடியோ நிலையங்களுக்குப் போன தட்டுகள் சிலவற்றில் பாட்டு இரண்டாக வெட்டப்பட்டு இரு பக்கங்களில் இருந்தது. சிங்கிளில் ஒலி தேய்ந்து முடியும் இடமும் ஆல்பத்தில் முடியும் இடமும் வேறாக இருப்பது இவற்றையெல்லாம்விடச் சாதாரணம்; கடைசிச் சுற்றில் பாடகர் உதறிவிட்டுப் போகும் ஒரு சொல் ஒன்றில் கேட்கும், மற்றொன்றில் கேட்காது. உங்கள் வரி பாட்டின் கடைசி 15 விநாடியில் இருந்தால் இதுவே காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு.

இனி இதை எப்படிச் சோதிப்பது என்று பார்ப்போம். தட்டின் லேபிளில் அச்சிட்ட நேரத்தை நம்பித் தொடங்காதீர்கள். ரேடியோக்காரர்கள் நீளமான பாட்டை ஒதுக்கிவிடுவார்கள் என்று நேரத்தைக் குறைத்து அச்சிட்ட வழக்கம் உண்டு. ரைட்டியஸ் பிரதர்ஸின் 1964 பாட்டு ஒன்று மூன்றே முக்கால் நிமிடம் ஓடும், லேபிளில் 3:05 என்று இருக்கும். கோப்பின் நீளத்தையும் ஒப்பிட வேண்டாம், முன்னும் பின்னும் உள்ள மௌனம் ஒவ்வொரு வெளியீட்டிலும் மாறும். செய்ய வேண்டியது இது: தட்டைக் கணினியில் பதிவு செய்து, ஸ்ட்ரீமிங் வடிவத்தையும் பக்கத்தில் வைத்து, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் இரண்டு அலைகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பாருங்கள். முதல் சொல்லுக்கு முன் பாடகர் இழுக்கும் மூச்சு, இடது கை தந்தியில் நகரும்போது வரும் கீச்சொலி, பல்லவிக்குள் நுழையும் டிரம்ஸ் உருட்டல் என்று நான்கைந்து இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே முறை பாடிய பதிவிலிருந்து வந்தவை என்றால் மூச்சும் கீச்சும் அதே அதே இடத்தில் இருக்கும், மிக்ஸ் எவ்வளவு மாறியிருந்தாலும். மறுபதிவு என்றால் இரண்டாவது அடியிலேயே பிரிந்துவிடும். எந்தப் பாடகராலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி இரண்டு முறை மூச்சு விட முடியாது. அதனால் இந்தச் சோதனையின் முடிவை உறுதியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு வடிவத்தின் அலையை மேல்கீழாகத் திருப்பி மற்றொன்றோடு கூட்டினால் ஒத்தவை மறைந்துவிடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். இரண்டு டிஜிட்டல் கோப்புகளுக்கு அது சரி. தட்டிலிருந்து எடுத்ததற்கு அது உதவாது, ஏனென்றால் தட்டு சுழலும் வேகம் நொடிக்கு நொடி இம்மியளவு ஏறி இறங்கும். மறையவில்லை என்பதை வைத்து வேறு பதிவு என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

சுருதி இறங்கியது என்பதுதான் மிகவும் சிரத்தையோடு பார்க்க வேண்டிய பகுதி. அனலாக் கருவிகளில் வேகமும் சுருதியும் சேர்ந்தே நகரும். வேகம் 1 சதவீதம் மாறினால் சுருதி ஏறக்குறைய 17 சென்ட் மாறும். அரைக் கட்டை, அதாவது பியானோவில் அடுத்தடுத்த இரண்டு சுரங்களுக்கு இடையிலான தூரம், 100 சென்ட், அதற்கு வேகம் 5.95 சதவீதம் மாற வேண்டும். இதை நேரத்தில் அளந்துவிடலாம். மூன்று நிமிடப் பாட்டு அரைக் கட்டை ஏறினால் கிட்டத்தட்ட 10 விநாடி குறையும், 1 சதவீதம் ஏறினால் 1.8 விநாடி குறையும். இரண்டு வடிவங்களிலும் முதல் சொல்லின் தொடக்கத்திலிருந்து கடைசிச் சரணத்தின் ஒரு குறிப்பிட்ட டிரம்ஸ் அடி வரை அளந்து பாருங்கள். வித்தியாசம் 1 விநாடிக்குள் என்றால் வேகத்தை மறந்துவிடுங்கள். 4, 5 விநாடி என்றால் உங்கள் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

ஆனால் எது தப்பான வேகம்? இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். முதலில் உங்கள் டர்ன்டேபிளைச் சரிபாருங்கள். தட்டின் ஓரத்தில் ஒரு சிறு காகிதத் துண்டை அடையாளமாக வைத்து, ஊசியை இறக்கிய நிலையில் எண்ணுங்கள். ஊசி இழுக்கும்போதுதான் உண்மையான வேகம் தெரியும். 45-இல் 90 சுற்றுக்குச் சரியாக 120 விநாடி, 33⅓-இல் 100 சுற்றுக்கு 180 விநாடி. 90 சுற்று 118.8 விநாடியில் முடிந்தால் 1 சதவீதம் வேகம். பெல்ட் தளர்ந்திருந்தால் மெதுவாகும். மோட்டார் கப்பியில் பழைய பெல்ட்டின் பிசின் படிந்து விட்டம் கூடியிருந்தால் வேகமாகும். கேசட்டை இந்த விஷயத்தில் சாட்சியாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். பதிவு செய்த கருவியின் பிழை, இன்று ஓட்டும் கருவியின் பிழை இரண்டும் சேரும். கையடக்கக் கருவிகளில் 2, 3 சதவீதம் பிசகுவது சகஜம்.

தாய்ப்பதிவே தப்பான வேகத்தில் போன வரலாறும் உண்டு. ஃபோக்-ராக் இல்லை என்றாலும் மிகத் தெளிவான உதாரணம், மைல்ஸ் டேவிஸின் 1959 ஆல்பமான ‘கைண்ட் ஆஃப் புளூ’. முதல் பக்கத்துப் பாட்டுகளைப் பதிவு செய்த நாடாக் கருவி மெதுவாக ஓடியதால், சரியான வேகத்தில் ஓட்டியபோது அவை சற்றே சுருதி ஏறிக் கேட்டன. 1990-களின் மறுவெளியீடுகளில்தான் திருத்தினார்கள். 30 வருடம் அந்த ஏறிய சுருதியில் கேட்டவர்களுக்குத் திருத்தியது இறங்கியதாகத்தான் படும். டிவியில் வேறொரு வழி: நொடிக்கு 24 படம் ஓடும் திரைப்படத்தை 50 ஹெர்ட்ஸ் நாடுகளின் டிவியில் 25-ஆக ஓட்டுவதால் எல்லாம் 4 சதவீதம் வேகமாகி, சுருதி சுமார் 70 சென்ட் ஏறும். ஒரு படத்தில் வந்த பாட்டை அப்படிக் கேட்டுப் பழகியிருந்தால் அசல் தட்டு இறங்கியதாகவே தோன்றும். இவற்றோடு, காப்புரிமைச் சோதனையில் சிக்காமலிருக்க வேண்டுமென்றே சுருதியை மாற்றி ஏற்றப்படும் வீடியோக்கள் வேறு. ஒப்பீட்டுக்கு அவற்றைத் தொடவே வேண்டாம்.

ட்யூனரை (சுருதி காட்டும் கருவியை) வைத்துப் பார்த்து, கிட்டார் 30 சென்ட் விலகி நிற்கிறது, ஆகவே வேகம் தப்பு என்று சொல்வதை முழுதாக ஏற்காதீர்கள். குழுவே அப்படிச் சுருதி சேர்த்திருக்கலாம், ஸ்டூடியோ பியானோவுக்கு ஒத்துப்போக விலகியிருக்கலாம், தயாரிப்பாளர் குரல் இளமையாகக் கேட்க நாடாவை வேண்டுமென்றே வேகம் கூட்டியிருக்கலாம். இதைவிட வலுவான சாட்சி மின்சாரத்தின் ஹம் ஒலி. அமெரிக்கப் பதிவு என்றால் 60 ஹெர்ட்ஸ், பிரிட்டிஷ் பதிவு என்றால் 50. பாட்டு தொடங்கும் முன் நாடா ஓடும் அந்த ஒன்றரை விநாடியில் பெரும்பாலும் அது மெலிதாகப் பதிவாகியிருக்கும். ஆடாசிட்டியின் அலைவரிசை வரைபடத்தில் அளவை 65536 என்று வைத்தால், 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் 0.7 ஹெர்ட்ஸ் நுணுக்கம் வரை கிடைக்கும். 60-ஐ நேராகப் பார்ப்பதைவிட அதன் மூன்றாம் மடங்கான 180-ஐப் பாருங்கள். 1 சதவீதப் பிழை அங்கே 1.8 ஹெர்ட்ஸாகப் பெரிதாகித் தெரியும். இதற்கும் ஒரு எல்லை உண்டு: அந்த ஹம் பிற்பாடு நகலெடுத்த கருவியிலிருந்தோ உங்கள் வீட்டு வயரிலிருந்தோ வந்திருந்தால் அசல் வேகத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஊசியைத் தூக்கிவிட்டு ஒரு முறை பதிவு செய்து, அப்போதும் அதே ஹம் இருக்கிறதா என்று பார்த்துக் கழித்துவிடுங்கள்.

அடுத்தது, கேட்கும் கருவி. இங்கே உங்கள் காதுக்காக வாதாட எனக்கு ஒரு நல்ல ஆதாரம் இருக்கிறது. வயதாகும்போது முதலில் போவது உச்ச ஒலிகள். 60 வயதில் 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காமலிருப்பது சாதாரணம். ஆனால் அன்றைய ஏஎம் ரேடியோ உங்களுக்கு 4, 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் பெரிதாகத் தரவே இல்லை. அன்று வந்தே சேராத ஒலியை இன்று இழந்ததால் பாட்டு மாறிவிட்டது என்று சொல்ல முடியாது அல்லவா? உண்மையில் நேர் எதிரானது நடந்திருக்கிறது. உள்ளங்கை அகல ஸ்பீக்கரில் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் வராது. பேஸ் கிட்டாரும் பெரிய டிரம்மும் போய், குரல்களும் 12 தந்திக் கிட்டாரும் மட்டும் மிஞ்சும். அந்தக் கிட்டாரில் தடித்த நான்கு தந்திகளுக்கும் ஒரு ஸ்தாயி மேலே இணைத் தந்தி உண்டு. அதன் மினுமினுப்பு விழுவது சின்ன ஸ்பீக்கர் நன்றாகத் தரும் நடுப்பகுதியில். ஸ்டூடியோவில் கம்ப்ரஸர் போட்டு அதன் ஏற்ற இறக்கத்தை நசுக்கி, ஒவ்வொரு மீட்டலையும் நீட்டிவைத்தார்கள். ரேடியோ நிலையம் தன் பங்குக்கு மறுபடி நசுக்கியது. இந்த இசை அந்தச் சின்னப் பெட்டிக்காகவே சமைக்கப்பட்டது. நல்ல ஹெட்ஃபோனில் பேஸ் முழுதாக வந்து நிற்கும்போது, நடுப்பகுதி பின்னுக்குப் போய்ப் பாட்டு மந்தமானது போலத் தோன்றுகிறது.

இதைச் சோதிக்கப் பத்து நிமிடம் போதும். ஸ்ட்ரீமிங் வடிவத்தை மோனோவாக்கி, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டி, ஒரே ஒரு சின்ன ஸ்பீக்கரில், பக்கத்து அறைக்குக் கேட்காத அளவு ஒலியில் போடுங்கள். ஹெட்ஃபோன் வேண்டாம், இரண்டு ஸ்பீக்கரும் வேண்டாம். பாட்டு பழைய முகத்தோடு எழுந்து வந்தால் வித்தியாசம் கருவியில். அப்போதும் அந்நியமாகவே இருந்தால் மிக்ஸில். ஒரு எச்சரிக்கை: ஸ்டீரியோவை மோனோவாக்குவது அசல் மோனோ மிக்ஸ் ஆகாது. இரண்டு பக்கத்தையும் கூட்டும்போது நடுவில் இருப்பவை, ஓரத்தில் இருப்பவற்றைவிட 3 டெசிபெல் அளவுக்கு ஓங்கிவிடும், எதிரொலி அடங்கிவிடும். முகம் தெரியும், சமநிலை தெரியாது.

காதைச் சோதிக்க இதைவிடச் சுருக்கமான வழி: ஹெட்ஃபோனை இடம் வலம் மாற்றிப் போடுங்கள். குரல் மறு காதுக்குப் போனால் அது மிக்ஸ். எந்தப் பக்கம் வந்தாலும் ஒரு குறிப்பிட்ட காதில் மட்டும் மங்கிக் கேட்டால் பாட்டை விட்டுவிட்டுக் காது மருத்துவரைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் குறைவது வயதின் இயல்பான போக்கு அல்ல.

ரீமாஸ்டர் என்ற சொல்லைப் பார்த்தும் பயப்பட வேண்டாம், மயங்கவும் வேண்டாம். அது முடிந்த மிக்ஸை எடுத்து உச்ச, நடு, அடி ஒலிகளின் சமநிலையையும் உரப்பையும் மட்டும் மாற்றுவது. குரலின் இடம் மாறியிருந்தால் அது ரீமாஸ்டர் அல்ல, ரீமிக்ஸ். 1990-களுக்குப் பிறகு வந்த பலவற்றில் உரப்பைக் கூட்டி, மென்மைக்கும் அழுத்தத்துக்கும் இடையிலான தூரத்தைச் சுருக்கிவிட்டார்கள். ஒப்பிடும்போது இரண்டின் உரப்பையும் குரலை வைத்துச் சமமாக்காமல் முடிவுக்கு வராதீர்கள். உரத்து ஒலிப்பது எப்போதும் நல்லதாகவே தோன்றும்.

நினைவைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது நீங்கள் பயப்படுவதைவிட நல்ல செய்திதான். உளவியல் ஆய்வாளர் டேனியல் லெவிட்டின் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண மக்களைத் தங்களுக்குப் பிடித்த பாப் பாட்டை மனதிலிருந்து பாடச் சொன்னார்கள். 40 சதவீதம் பேர் குறைந்தது ஒரு முயற்சியிலாவது அசல் சுருதியையே பிடித்தார்கள். 1996-இல் பெரி குக்கோடு சேர்ந்து வேகத்தை அளந்தபோது, 72 சதவீத முயற்சிகள் அசல் வேகத்திலிருந்து 8 சதவீதத்துக்குள் இருந்தன. இசைப் பயிற்சி இல்லாதவர்களுக்கும் பாட்டின் சுருதியும் வேகமும் உள்ளே பதிந்திருக்கின்றன என்பது இதனால் தெரிகிறது. அதே எண்கள் எல்லையையும் காட்டுகின்றன. 8 சதவீதம் என்பது அரைக் கட்டைக்கும் மேல். ஆகவே முக்கால் கட்டை, ஒரு கட்டை இறங்கியது என்று நீங்கள் உணர்ந்தால் அதைத் தீவிரமாக எடுத்துக்கொள்வேன். கால் கட்டைக்கும் குறைவாக என்றால், நினைவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், அளந்துதான் சொல்வேன். சுருதி ஞானம் பிறவியிலேயே துல்லியமாக உள்ளவர்களுக்கு நடு வயதுக்குப் பிறகு எல்லாமே அரைக் கட்டை அளவுக்கு ஏறிக் கேட்பது அறியப்பட்ட விஷயம். உங்களுக்கு இறங்கிக் கேட்கிறது என்பதால் அது பொருந்தாது.

இளமையில் கேட்டது என்பதாலேயே மனம் அதை மெருகேற்றியிருக்குமோ என்றும் கேட்டிருந்தீர்கள். பத்து வயது முதல் முப்பது வயது வரையிலான நினைவுகள் பிற்காலத்தில் மற்றவற்றைவிட அடர்த்தியாக நிற்கின்றன என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. ஆனால் அது பாட்டின் மேல் நமக்குள்ள பிடிப்பை விளக்குமே தவிர, ஒரு வரி இருந்ததா இல்லையா என்பதை விளக்காது. பாடியதாக நினைவிருக்கும் சொல்லை மனம் மாற்றிவைப்பது நடக்கக்கூடியதே. அதற்குத் தட்டு கையில் இருக்கும்போது விவாதம் தேவையில்லை, போட்டுப் பார்த்துவிடலாம்.

அதற்குமுன் தட்டைச் சுத்தம் செய்வதில் கவனம். 60-களின் அமெரிக்க சிங்கிள்களில் பல வினைல் அல்ல, பாலிஸ்டைரீன். வளைந்து கொடுக்காது, லேபிள் மேலே ஒட்டிய காகிதமாக இருக்கும், நகத்தால் தட்டினால் கண்ணாடி போலக் கணீரென்று ஒலிக்கும். அதில் ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் படக் கூடாது. வாலைவடி நீரில் (டிஸ்டில்ட் வாட்டரில்) சில துளி மென்மையான சோப்பு போதும், பிறகு வெறும் வாலைவடி நீரில் கழுவுங்கள். தேய்ந்த ஊசியை ஒரு முறை ஓட்டினாலும் அதன் தடம் நிரந்தரமாகப் பதிந்துவிடும், அதனால் ஊசி புதிதாக இருக்கட்டும், அழுத்தம் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) தயாரிப்பாளர் சொன்ன அளவில் இருக்கட்டும். மோனோ தடத்துக்கு 25 மைக்ரான் முனை கொண்ட ஊசி கிடைத்தால் நல்லது. சாதாரண ஸ்டீரியோ ஊசி 18 மைக்ரான். அகலமானது தடத்தின் வேறு உயரத்தில் உட்கார்வதால், பழைய ஊசிகள் தேய்த்த பகுதியைத் தவிர்த்துவிடும் வாய்ப்பு உண்டு. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில், உச்சம் −6 டெசிபெல் தாண்டாமல் பதிவு செய்து, பிறகு இரண்டு பக்கத்தையும் கூட்டி மோனோவாக்குங்கள். மேலும் கீழுமாக ஊசி ஆடுவதால் வரும் இரைச்சல் அதில் கழிந்துபோகும்.

கேசட்டிலிருந்தும் எடுப்பதானால், ஹெட்டின் (நாடாவைப் படிக்கும் முனையின்) கோணத்தைச் சரிசெய்யாமல் தொடங்க வேண்டாம். நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் நகர்கிறது. 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை நாடாவில் 5 மைக்ரானுக்கும் குறைவு. மயிரிழை சாய்ந்தாலும் உச்ச ஒலி செத்துவிடும். ஹெட்டின் ஓரத்தில் ஸ்பிரிங் போட்ட திருகு இருக்கும். இப்போதைய நிலையைக் குறித்துவைத்துக்கொண்டு, ஒலியை மோனோவாக்கி, சிம்பலோ கிட்டாரோ மிகக் கூர்மையாகக் கேட்கும் வரை கால் சுற்றுக்குள் மெல்லத் திருப்புங்கள். மோனோவில் கேட்டால்தான் பிசகு உடனே காட்டிக்கொடுக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் எந்த வடிவம் என்று பிடிபடவில்லை என்றால், தட்டின் லேபிளில் உள்ள எண்ணோடு, பாட்டு முடிந்து ஊசி ஓடும் வெற்றுப் பகுதியில் கீறியிருக்கும் எழுத்துகளையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படித்து இங்கே எழுதுங்கள். லேபிள் எண் வெளியீட்டைச் சொல்லும், கீறிய எண் எந்த மிக்ஸிலிருந்து, எத்தனையாவது முறை வெட்டியது என்பதைச் சொல்லும். கூடவே நீங்கள் அளந்த நேரத்தை 0.1 விநாடி வரை, எந்தச் சொல்லிலிருந்து எந்த அடி வரை என்ற குறிப்போடு கொடுங்கள். தேடும்போது ‘அசல் மோனோ சிங்கிள் வடிவம்’ என்று வெளிப்படையாக எழுதியிருக்கும் தொகுப்பைத் தேடுங்கள். வெறுமனே ‘மோனோ’ என்று மட்டும் இருந்தால் அது ஸ்டீரியோவைக் கூட்டிச் செய்ததாகவும் இருக்கலாம், மேலே சொன்ன மூச்சு, கீச்சொலி சோதனையோடு குரலுக்கும் கிட்டாருக்கும் உள்ள சமநிலையையும் உங்கள் தட்டோடு ஒப்பிட்ட பிறகே பணம் கொடுங்கள்.